இருவர் ஏறும் முச்சக்கர மோட்டார் சைக்கிள்: வாங்குவதற்கு முன்னும் இழுத்துச் செல்வதற்கு முன்னும்

வாசகி கேட்கிறார்:

எனக்கு 56 வயது, என் கணவருக்கு 61. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மார்க்கம் நகரில் வசிக்கிறோம். அவர் யாழ்ப்பாணத்தில் இளவயதிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். இங்கு வந்தும் மோட்டார் சைக்கிளுக்கான முழு எம் வகுப்பு அனுமதிப்பத்திரம் எடுத்து, பதினைந்து வருடங்களாக ஓட்டி வருகிறார். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவருக்கு வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. சென்ற ஆவணியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அவருடைய கால் சறுக்க, வண்டி சரிந்து, பின்னால் இருந்த நானும் சேர்ந்து விழுந்தேன். பெரிய காயமில்லை, ஆனால் அன்று முதல் அந்த வண்டியில் நான் ஏறவில்லை. இப்போது கான்-ஆம் ஸ்பைடர் என்ற முச்சக்கர மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்கிறார். எனக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை, ஆனால் என்னிடம் காருக்கான ஜி வகுப்பு மட்டுமே உண்டு. ஒரு வண்டி வாங்குவதா, இரண்டா? அடுத்த கோடையில் நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் தீவுக்குப் போக விரும்புகிறோம். 401 நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் ஓடப் பயமாக இருப்பதால், எங்கள் ஹொண்டா சிஆர்-வியில் ட்ரெயிலர் பூட்டி இழுத்துச் செல்ல முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவர்களைவிட, நின்ற வண்டி சரிந்து விழுந்தவர்களே என்னிடம் முச்சக்கரப் பயிற்சிக்கு அதிகமாக வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய தம்பதிகள். ஆகவே நீங்கள் எழுதியிருப்பது எனக்குப் பழக்கமான நிலைமை. உங்கள் கணவரின் யோசனை நல்லது. ஆனால் அதை நிறைவேற்றும் ஒழுங்கைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். வழமையாக ஓட்டுபவர் வண்டியைத் தெரிவு செய்கிறார், பின்னிருக்கையில் இருப்பவர் அதற்கேற்ப உடம்பைப் பழக்கிக்கொள்கிறார். முச்சக்கரத்தில் இந்த வழக்கம் சரிவராது. ஏன் என்பதை விளக்குவதற்கு முன், கணவரின் முழங்காலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஸ்பைடரில் கைப்பிரேக் நெம்பு கிடையாது. வலது காலால் அழுத்தும் ஒரே மிதிதான் மூன்று சக்கரங்களையும் நிறுத்துகிறது. அதே நிறுவனத்தின் சிறிய வண்டியான ரைக்கரிலும் அப்படித்தான். சத்திரசிகிச்சை செய்த கால் எதுவோ, அதே காலை நம்பித்தான் உங்கள் இருவரின் உயிரும் இருக்கப்போகிறது. இதனால் அவர் அந்த வண்டியை ஓட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முழங்கால் நன்றாகத் தேறியவர்கள் பலர் சிரமமின்றி ஓட்டுகிறார்கள். ஆனால் விற்பனையகத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தீர்மானிக்க வேண்டாம். மிதியில் பாதத்தை வைத்து, முழுப் பலத்துடன் பத்துத் தடவை தொடர்ந்து அழுத்திப் பார்க்கட்டும். அரைமணி நேரம் அதே நிலையில் அமர்ந்திருந்த பின்னர் மீண்டும் பத்துத் தடவை அழுத்தட்டும். இரண்டாவது முறை வலி எடுத்தாலோ, பாதத்தைத் தூக்கி மிதிக்குக் கொண்டுவரத் தாமதமானாலோ, அவருடைய சத்திரசிகிச்சை வைத்தியரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். கைப்பிரேக் பொருத்தித் தரும் பட்டறைகளும் உண்டு. ஹார்லி-டேவிட்சன் ட்ரை கிளைட் போன்ற, முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாகச் சக்கரங்கள் உள்ள வண்டிகளில் கைப்பிரேக் இருக்கிறது. ஆனால் அவற்றுக்குக் கிளச்சும் கால் கியரும் வேண்டும், எடையும் 550 கிலோவுக்கு மேல்.

இனி வண்டிக்கு வருவோம். ஊரில் முச்சக்கர வண்டி என்றால் ஓட்டோதான். அதில் முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. ட்ரை கிளைட்டும் அந்த அமைப்புத்தான். கியூபெக்கின் வால்கோர்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பிஆர்பி நிறுவனம் 2007 இல் அறிமுகப்படுத்திய ஸ்பைடர் இதைத் தலைகீழாக்கியது: முன்னே இரண்டு, பின்னே ஒன்று. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கித்தான் பாயும். அந்தப் பாரத்தைத் தாங்க முன்னே இரண்டு சக்கரங்கள் இருப்பது, குறிப்பாக வளைவில் பிரேக் பிடிக்க நேரும்போது, பெரிய பாதுகாப்பு. பின்னே இரு சக்கரம் உள்ள வண்டியில் வளைவின் உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்ப இடமுண்டு. அதனால், உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு முன்னே இரு சக்கரம் உள்ள அமைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் இவ்விரண்டும் வளைவில் சாய்வதில்லை. இருசக்கர வண்டி வளைவில் சாயும்போது உங்கள் எடை முழுவதும் இருக்கைக்குள் இறங்குகிறது; பின்னால் இருப்பவர் தூங்கிக்கூட விடலாம் என்னும் அளவுக்கு அது இயல்பாக இருக்கும். சாயாத முச்சக்கரத்திலோ, வளைவு உங்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். வேகமாகத் திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவர் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ள ஹாண்டில் இருக்கிறது, எப்போது திரும்பப் போகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரியும். உங்களுக்கு இரண்டும் இல்லை. மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் போய் இறங்கும்போது தொடையும் இடுப்பும் தோளும் யாருக்கு வலிக்கும் என்று இப்போது புரிந்திருக்கும். பின்னிருக்கையை வைத்து வண்டியைத் தெரிவு செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த வகையில் ஸ்பைடரின் நெடும்பயண மாடலான ஆர்டி உங்கள் இருவருக்கும் பொருந்தும். பின்னால் இருப்பவருக்கு முதுகுச் சாய்வு, கைப்பிடிகள், பாதம் முழுவதையும் வைக்கும் பலகை ஆகியவை அதில் இருக்கின்றன. எஃப்3 வகையில் ஓட்டுபவர் கால்களை முன்னே நீட்டி அமர்கிறார். அது முழங்காலுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் பின்னிருக்கை மாடலுக்கு மாடல் வேறுபடும். ரைக்கர் அடிப்படையில் ஒருவருக்கான வண்டி. பின்னிருக்கையைத் தனியாகப் பொருத்த வேண்டும், நெடும்பயணத்துக்கு அது உகந்ததல்ல. எதுவானாலும், விற்பனையகத்தில் சோதனை ஓட்டத்துக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும். நீங்கள் பின்னால் அமர்ந்து, குறைந்தது ஒரு நெடுஞ்சாலை நுழைவு வளைவையாவது சுற்றி வாருங்கள். உங்களை ஏற்றாமல் சோதனை ஓட்டம் தரும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். வண்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில், ஏற்றக்கூடிய மொத்தச் சுமை எழுதப்பட்டிருக்கும். இருவரின் எடை, தலைக்கவசங்கள், உடுப்பு, பெட்டிகளில் வைக்கும் பொருட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இருநூற்றுச் சொச்சம் கிலோ என்பது இரண்டு பெரியவர்களுக்கும் ஒரு வாரப் பயணப் பொருளுக்கும் எவ்வளவு விரைவில் நிரம்பிவிடும் என்பதை வீட்டுத் தராசிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால், ஆர்டி வகையில் 2014 ஆம் ஆண்டு மாடலிலிருந்து மேலே தேடுங்கள். அந்த ஆண்டில்தான் அதற்கு மூன்று சிலிண்டர் கொண்ட 1330 சிசி ரோட்டக்ஸ் இயந்திரம் வந்தது. முந்தைய இரு சிலிண்டர் இயந்திரத்தைவிட அது அமைதியானது, தாழ்ந்த வேகத்திலும் இழுவை நன்றாக இருக்கும். பின் ரயரைத் தடவிப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகவும் ஓரங்களில் பள்ளங்கள் ஆழமாகவும் இருந்தால், ரயர் மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். முன் ரயர்கள் இரண்டும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்க வேண்டும்; ஒன்று உட்பக்கமாகத் தேய்ந்திருந்தால் சக்கர நேர்ப்பாடு தவறியிருக்கிறது, அல்லது வண்டி எங்கோ மோதியிருக்கிறது. தனியாரிடம் வாங்கும்போது, ஒன்ராறியோ சட்டப்படி விற்பவர் தர வேண்டிய பழைய வாகனத் தகவல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். பதிவின்போது 13 வீத வரியை நீங்கள் கட்ட வேண்டும். வாகனப் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால் அதன் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஓட்டுவது பற்றி. இதில் எனக்கு உங்களைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் கவலை. இருசக்கர வண்டியில் சற்று வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ளுகிறோம். பலர் அதை அறியாமலே செய்கிறார்கள். உடம்பு தானாகக் கற்றுக்கொண்ட வித்தை அது. முச்சக்கரத்தில் அதே தள்ளல் வண்டியை இடப்பக்கம் கொண்டுபோகும். இங்கே வலப்பக்கம் திரும்ப, வலது கைப்பிடியை இழுத்து இடது கைப்பிடியைத் தள்ள வேண்டும். வெற்றுத் தரிப்பிடத்தில் முதல் பத்து நிமிடம் எல்லோரும் தடுமாறுவார்கள், பிறகு சரியாகிவிடும். ஆபத்து அப்போதல்ல. மூன்று மாதம் கழித்து, எதிர்பாராத ஒரு கூரிய வளைவில் பயம் பிடிக்கும் அந்த ஒரு கணத்தில் பழைய கை திரும்ப வரும். வண்டி எதிர்ப் பாதைக்குப் போய்விடும். முப்பது வருட அனுபவம் உள்ளவரின் கையில் இந்தப் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கும். என்னிடம் வரும் மாணவர்களில் முதல் நாள் அதிகம் வியர்ப்பவர்கள் பழைய ஓட்டுநர்களே. உங்கள் கணவருடைய எம் அனுமதிப்பத்திரம் முச்சக்கரத்துக்கும் செல்லும். சட்டம் அவரிடம் வேறெதையும் கேட்கவில்லை. இருந்தும், முச்சக்கர வண்டியிலேயே நடத்தப்படும் பயிற்சி வகுப்புக்கு அவர் கட்டாயம் போக வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

பின்சக்கரம் பாதையின் நடுவே, சந்திகளில் எண்ணெய் சொட்டிக் கிடக்கும் அதே கோட்டில் ஓடுகிறது என்பதையும், வீதிக் குழி ஒன்றைத் தவிர்க்க மூன்று தடங்களை நினைவில் வைக்க வேண்டும் என்பதையும் அங்கே சொல்லித் தருவார்கள். அகன்ற, தட்டையான ரயர்கள் தேங்கிய நீரின் மேல் மிதக்கத் தொடங்குவது காரைவிட விரைவில் நிகழும். கடும் மழையில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வண்டியில் இருக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு பல தவறுகளைத் திருத்தும், ஆனால் நீரில் மிதக்கும் ரயருக்கு அதனாலும் பிடிப்புக் கொடுக்க முடியாது.

நீங்கள் ஓட்ட விரும்புவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. எழுத்துச் சோதனையில் சித்தியடைந்து எம்1 என்ற பயிலுநர் அனுமதிப்பத்திரம் பெற்றால் குறைந்தது 60 நாட்கள் அதில் இருக்க வேண்டும். அது 90 நாட்களுக்குத்தான் செல்லும். அந்தக் காலத்தில் யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது, இருட்டில் ஓட்டக்கூடாது, 401 போன்ற 80 கிலோமீற்றருக்கு மேல் வேக எல்லை உள்ள நெடுஞ்சாலைகளில் ஏறக்கூடாது, இரத்தத்தில் மதுவே இருக்கக்கூடாது. சாலைச் சோதனையை முச்சக்கர வண்டியில் செய்தால், முச்சக்கரத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையுடன் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். உங்களுக்கு அது போதும். நீங்கள் இருசக்கரத்தில் பழகாதவர் என்பதால், திருத்திக்கொள்ளப் பழைய கைப்பழக்கம் எதுவும் இல்லை. ஸ்பைடரின் அரைத் தானியங்கிப் பல்லிணையில் (கியர் பெட்டியில்) கிளச் நெம்பு கிடையாது, பின்னே போகும் கியரும் உண்டு. கார் ஓட்டிய நிதானத்துடன் வந்த பெண்கள் இரண்டே நாளில் தெளிவாக ஓட்டுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒருபோதும் நெடுந்தூரம் ஓட்டாவிட்டாலும், வழியில் கணவரின் முழங்கால் மறுத்துவிட்டால் ஹாண்டிலை வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார் என்பது பெரிய பலம். அதற்காக இரண்டு வண்டி வேண்டாம். முதல் வருடம் ஒன்றை வாங்கி, இருவரும் மாறி மாறி ஓட்டுங்கள். இரண்டாவது வண்டி தேவையா என்பதை அடுத்த இலையுதிர்காலத்தில் நீங்களே அறிவீர்கள்.

ட்ரெயிலர் பற்றிய கேள்விக்கு என் பதில் உங்களுக்கு ஏமாற்றம் தரும். உங்கள் சிஆர்-வியால் இது முடியாது. பெற்றோல் மட்டும் பயன்படுத்தும் சிஆர்-வியின் இழுவை எல்லை 680 கிலோ. ஹைப்ரிட் என்றால் இன்னும் குறைவு. ஆர்டி வண்டி பெற்றோல் இல்லாமலே 460 கிலோவுக்குச் சற்று மேல். 26 லீற்றர் தாங்கியை நிரப்பி, பெட்டிகளில் நாலு பொருள் வைத்தால் 500 ஐத் தொடும். அதைத் தாங்கக்கூடிய திறந்த ட்ரெயிலர் சுமார் 300 கிலோ. கூட்டினால் 800 கிலோ. இழுத்துப் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் இறக்கத்தில் நிறுத்த முடியாமல் போகும், அல்லது பக்கக் காற்றில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கிக் காரையே திருப்பிவிடும். நண்பர் ஒருவரின் பிக்கப் வண்டியின் பின்பெட்டியில் ஏற்றலாமே என்றும் யாராவது சொல்வார்கள். அதில் சக்கர வளைவுகளுக்கு இடையே இருக்கும் அகலம் ஏறத்தாழ 1.27 மீற்றர். ஸ்பைடரின் அகலமோ ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல்.

1,588 கிலோ வரை இழுக்கக்கூடிய நடுத்தர எஸ்யூவி ஒன்று கிடைத்தால் நிலைமை மாறும். ஜி அனுமதிப்பத்திரத்துடன் 4,600 கிலோ வரை ட்ரெயிலர் இழுக்கலாம் என்பதால், அந்தப் பக்கம் உங்களுக்குத் தடை இல்லை. 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. ஒரு வண்டிக்கு அது எட்டாது, இரண்டு வண்டி ஏற்றினால் எட்டிவிடும். கொளுக்கியின் மேல் இறங்கும் பாரம் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து வீதமாக இருக்க வேண்டும், அதாவது உங்களுக்கு 80 முதல் 120 கிலோ. ஸ்பைடரின் கனமான பகுதி முன்பக்கம். ஆகவே முகப்பு காரை நோக்கியிருக்கும்படி ஏற்றி, சற்று முன்னும் பின்னும் நகர்த்தி இதைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஏற்றும்போது ஒருவர் மட்டும் வண்டியில் இருக்க வேண்டும். மற்றவர் பக்கவாட்டில், ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று கையால் சைகை காட்ட வேண்டும்; ஒருபோதும் பின்னால் நிற்கக்கூடாது. சரிவுப் பலகை முழு அகலமாக இருப்பது நல்லது. தனிப் பலகைகள் என்றால் மூன்று தேவை, நடுப்பலகையை மறந்துவிட்டு இரண்டை மட்டும் வைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். வண்டியின் முன்பகுதி தரையிலிருந்து மிகத் தாழ்வாக இருப்பதால், குட்டையான பலகையில் ஏறி முடியும் இடத்தில் வயிறு இடிக்கும். நீளமான பலகையை வாங்குங்கள்.

கட்டும் விடயத்தில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதன்முறை கிழக்கே போனபோது, இருசக்கர வண்டியைக் கட்டும் பழக்கத்தில் பட்டிகளை ஹாண்டிலில் கொளுவி இறுக்கினேன். ட்ரென்ரன் அருகே ஓய்விடத்தில் இறங்கிப் பார்த்தபோது, இடப்பக்கப் பட்டி தொய்ந்து, கொளுக்கி கழன்று, பட்டியின் நுனி முன் மட்காட்டில் அடித்து அடித்து உள்ளங்கை அளவுக்கு வண்ணத்தை உரித்திருந்தது. வீதியின் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் ஸ்பிரிங் அமுங்கி எழும்ப, பட்டி கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்திருக்கிறது. முச்சக்கரத்தைச் சக்கரங்களில்தான் கட்ட வேண்டும். முன் ரயர்கள் இரண்டின் மேலும் வலைப்பட்டி போட்டு, ராட்செட்டால் ட்ரெயிலர் தளத்தோடு இறுக்கி, பின் ரயருக்கும் தனிப் பட்டி போட்டால், ஸ்பிரிங் எவ்வளவு ஆடினாலும் பிடி விடாது. தரிப்புப் பிரேக்கைப் போடுங்கள், முன் சக்கரங்களுக்கு முன்னே கட்டை வையுங்கள். 50 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, பட்டிகளை மறுபடி இறுக்கி, ட்ரெயிலர் சக்கரத்தின் நடுக்குடத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மற்றதைவிட அதிகம் சுட்டால் அதன் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். பின்சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு ஸ்பைடரைக் கட்டி இழுக்க ஒருபோதும் முயல வேண்டாம், பல்லிணை கெட்டுவிடும்.

கேப் பிரெட்டனைப் பொறுத்தவரை, அதை இன்னொரு கோடைக்குத் தள்ளிப்போடுங்கள். அங்குள்ள கபொட் ட்ரெயில் என்னும் மலைவீதி 298 கிலோமீற்றர் நீளம். பிரெஞ்ச் மலையிலும் ஸ்மோக்கி முனையிலும் கடலை ஒட்டி ஏறி இறங்கும் வளைவுகள் முச்சக்கரத்துக்குப் புதிய கைகளுக்கும், பழகாத பின்னிருக்கைக்கும் ஏற்ற முதல் பயணம் அல்ல. போக மட்டும் ஏறக்குறைய 2,000 கிலோமீற்றர். வரும் கோடையில் ட்ரெயிலர் எதுவும் தேவைப்படாத மனிற்றூலின் தீவுக்குப் போய் வாருங்கள். 10 ஆம், 6 ஆம் இலக்க வீதிகளில் ரொபர்மோரி வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அங்கிருந்து சீ-சீமான் கப்பலில் வண்டியோடு இரண்டு மணி நேரத்துக்குள் சவுத் பேமவுத்தில் இறங்கலாம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, முதலில் நீங்கள் இறங்கி, எங்கே வலிக்கிறது என்று கணவரிடம் சொல்லுங்கள். தலைக்கவசத்துக்குள் பேசும் கருவியை இருவரும் பொருத்திக்கொண்டால், வளைவு வருமுன் அவர் "வலது" என்று ஒரு சொல் சொன்னாலே நீங்கள் உட்பக்கம் சாய்ந்து ஆயத்தமாகிவிடுவீர்கள்.

வண்டி தேடுவதை இந்த மாரியிலேயே தொடங்குங்கள். வசந்தம் வந்தபின் விலை ஏறிவிடும். பயிற்சி வகுப்புகளும் சித்திரைக்கு முன்னரே நிரம்பிவிடுகின்றன, ஆகவே இரண்டு இடத்தை இப்போதே பதிவு செய்யுங்கள், அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பணம் கட்டுவதற்கு முன் காப்புறுதி முகவரிடம் இருவரையும் ஓட்டுநர்களாகச் சேர்த்து விலை கேளுங்கள். எம்1 ஓட்டுநர் ஒருவரைச் சேர்க்கும்போது அந்தத் தொகை எவ்வளவு கூடுகிறது என்பதை அறிந்த பின்னரே வண்டிக்கு எவ்வளவு செலவிடலாம் என்று தீர்மானியுங்கள்.